தருமபுரிக்கு எத்தனை எழுத்து?

தருமபுரி என்ற பெயரில் ஐந்து எழுத்துகள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகூட விரல்விட்டுச் சொல்லிவிடும். பைத்தான் நிரல்மொழியிடம் கேட்டால் எட்டு என்கிறது. 'ரு' எழுத்தை ரகரம், உகரக் குறி என இரண்டு இடங்களில் வைப்பது யூனிகோடு முறை. பு, ரி இரண்டும் அப்படியே. தர்மபுரி என்று எழுதினாலும் புள்ளி தனி இடம் பிடிப்பதால் மீண்டும் எட்டுதான்.

சொல்லைத் திருப்பிப் போடவும், எதுகை தேடவும், பிழை திருத்தவும் முதலில் எழுத்தை முழுசாக எடுக்க வேண்டும். அதற்கான நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது வீண் உழைப்பு. இதற்கான பொது நூலகம்தான் ஓபன்-தமிழ். தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கி, 2009-ல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்ட முத்து அண்ணாமலையே இதையும் தொடங்கினார். எழுத்தைக் கையாளும் பகுதி எழிலுக்குள்ளேயே அடங்கிவிடாமல் தனி நூலகமாக நின்றது நல்ல முடிவு. எழிலைத் தொடாதவர்களும் அதை எடுத்தாள முடிகிறது.

பெயர் வைப்பதில்தான் காலத்தின் தடம் தெரிகிறது. நிரலில் நூலகத்தை அழைக்கும் தலைப்பெயர் 'தமிழ்', அதன் கீழே 'யுடிஎஃப்8', 'டிஸ்கி' என்று குறியாக்கத்தின் பெயரால் பிரிவுகள். அன்றைய நிலைக்கு அது பொருத்தமே. டிஸ்கி, பாமினி, 1999 சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த டேம், டேப் என்று கோப்புகள் பலவாறு சிதறிக் கிடந்தன. இன்று டிஸ்கியில் யாரும் புதிதாக எழுதுவதில்லை. ஆனாலும் பெயரை மாற்றினால் அதை அழைக்கும் பழைய நிரல்கள் எல்லாம் முறியும்.

உள்ளே இருக்கும் பட்டியல்களுக்கு உயிர், மெய், குறில், நெடில், வல்லினம், மெல்லினம் என்று இலக்கணமே பெயர் கொடுத்தது. இவற்றுக்கு விளக்கக் குறிப்பே வேண்டாம். ஜ, ஸ, ஹ போன்றவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதற்குச் 'சான்ஸ்கிரிட்' என்று பெயரிட்டதைவிட 'கிரந்தம்' என்றே வைத்திருக்கலாம்.

சிக்கல் வேறோர் இடத்தில் வந்தது. நிறுவும்போது ஓபன்-தமிழ் என்ற ஒரே பெயர்தான். நிறுவிய பிறகு 'தமிழ்', 'என்கிராம்', 'சொல்திருத்தி', 'டிரான்ஸ்லிட்டரேட்' என்று பல தலைப்பெயர்கள் அருகருகே நிற்கும். ஆங்கில விசையில் அடித்ததைத் தமிழாக்கும் அழகி, யாழ்ப்பாண முறை அட்டவணைகள் கடைசிப் பெயரின் கீழ் இருக்கின்றன. கிரேக்கம், ஜார்ஜியம், ஆர்மீனியம் போன்ற மொழிகளுக்கான வேறொரு பைத்தான் நூலகத்துக்கும் அதே பெயர். இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால் கோப்புகள் ஒரே அடைவில் போய் மோதும். 'தமிழ்' என்ற தலைப்பின் கீழ் அதையும் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பக்கத்திலேயே இருக்கும் 'சொல்திருத்தி'க்கு உலகில் எந்த நூலகத்தோடும் சண்டை வர வழியில்லை.