கேம்களுக்குள் வாழும் பாட்டி கதைகள்

சில மாதங்களுக்கு முன் அக்காவின் மகன் கணினியில் ஒரு கேம் விளையாடிக்கொண்டிருந்தான். வெள்ளை ஓநாய் ஒன்று எட்டுத் தலைப் பாம்போடு சண்டையிட்டது. "இது ஆர் சொன்ன கதை?" என்று கேட்டேன். "கேம் செய்த ஆக்கள்தான் மாமா" என்றான்.

அந்தக் கதைக்கு 1300 வயது. தேடிப் படித்தபின் அறிந்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

எட்டுத் தலைப் பாம்பு

அந்த விளையாட்டின் பெயர் 'ஒகாமி'. கப்கொம் நிறுவனம் 2006இல் வெளியிட்டது. ஜப்பானிய மொழியில் அந்த ஒலிக்கு ஓநாய் என்றும் பெருந்தெய்வம் என்றும் பொருள் உண்டு. ஓநாயாக வருபவள் சூரியதேவி அமதெராசு.

பாம்பின் கதை கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட 'கொஜிக்கி' நூலில் உள்ளது. ஆண்டுக்கொரு மகளாக ஏழு பேரைப் பாம்புக்குப் பறிகொடுத்த முதிய தம்பதியர், எட்டாவது மகளோடு அழுதுகொண்டிருக்கின்றனர். வானுலகிலிருந்து துரத்தப்பட்ட சுசானோ, எட்டுச் சாடிகளில் அரிசி மதுவை வைத்துப் பாம்பை மயக்கி வெட்டுகிறான். விளையாட்டிலும் அதே மதுதான் பாம்பை வீழ்த்த உதவுகிறது.

மாரியோவும் கெளிறும்

1988இல் வந்த மூன்றாவது 'சூப்பர் மாரியோ' விளையாட்டில், இலையொன்றைத் தொட்டதும் மாரியோவுக்கு வால் முளைக்கும். தனுக்கி என்ற காட்டுவிலங்கு தலையில் இலையை வைத்து உருமாறும் என்பது ஜப்பானியக் கிராமத்து நம்பிக்கை. தனுக்கி உடையில் மாரியோ கற்சிலையாகவும் மாறுவார். வழிப்போக்கரையும் குழந்தைகளையும் காக்கும் ஜிசோவின் சிலை அது.

'போக்கிமொன்' விளையாட்டில் நமாசுன் என்றொரு மீன் உண்டு. நிலத்தின் அடியில் கிடக்கும் பெரிய கெளிற்று மீன் அசைவதே நிலநடுக்கம் என்று முன்னோர் நம்பினர். கஷிமா தெய்வம் அதன் தலையைக் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறதாம். 1855இல் இன்றைய தோக்கியோவை நிலநடுக்கம் சிதைத்தபோது, இந்த மீனின் படங்களை மக்கள் வாங்கி வைத்துக்கொண்டனர்.

தோற்றவர்களின் நண்டு

என்னை அதிகம் பாதித்தது 1185ஆம் ஆண்டுக் கதை. தன்-நொ-உரா கடற்சமரில் ஹெய்கே குலம் அழிந்தது. சிறுவனான அரசன் அந்தோக்குவை அணைத்தபடி அவனுடைய அம்மம்மா கடலில் குதித்தார். அக்கடலின் நண்டுகளுடைய ஓட்டில் கோபமுற்ற மனித முகம் போன்ற வரிகள் உண்டு. அவை மாண்ட வீரர்களின் ஆவிகள் என்றனர் மக்கள். பார்வையற்ற பாடகர்கள் பீவா என்ற நரம்பிசைக் கருவியை மீட்டி, இச்சமரை ஊர் ஊராகப் பாடினர். 2006இல் வந்த 'கென்ஜி' விளையாட்டில் ஒரு இராட்சத நண்டு வருகிறது.

கையை இழந்தவர் காத்த கதைகள்

இக்கதைகள் தாமாகத் தப்பவில்லை. ஷிகேரு மிசுக்கி (1922-2015) சிறுவயதில், அயலில் இருந்த மூதாட்டி ஒருவரிடம் பேய்க்கதைகள் கேட்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப்போரில் படையாளாக ரபவுலுக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். ஊர் திரும்பி, எஞ்சிய கையால் அந்தப் பேய்களை வரைந்தார். அவருடைய 'கிதாரோ' சித்திரக்கதை 1986இல் வீடியோ கேமாகவும் வந்தது. அவர் வளர்ந்த சக்காய்மினாத்தோ நகரத் தெருவில் இன்று 170க்கும் மேற்பட்ட வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. ஒரு கிழவி ஒரு பிள்ளைக்குச் சொன்னதில் தொடங்கியது இவ்வளவும்.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். "எங்கட கதை ஒண்டு சொல்லுங்கோ மாமா" என்றான்.

பதுங்குகுழிக்குள் ஷெல் சத்தம் கேட்காதிருக்க அம்மம்மா சொன்ன கதையொன்றைத் தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. முடிவு நினைவில் இல்லை. அவவும் இப்போது இல்லை. வீடும் பொருளும் போனதை எழுதி வைத்திருக்கிறோம். போன கதைகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

மறுநாள் அம்மாவிடம் போய்க் கைபேசியில் பதிவை அழுத்திவிட்டுக் கேட்டேன். முடிவு அவவுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வீட்டிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இன்றே கேளுங்கள்.