58-க்கு அப்புறம் 11 படுக்கை

மதுரையில ஆட்டோ ஏறி "அரவிந்த்"னு மட்டும் சொன்னாப் போதும், அண்ணா நகர்ல கொண்டு போய் இறக்கி விட்டுடுவாங்க. அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினவர் ஒரு ரிட்டயர்டு அரசு டாக்டர் என்பதும் மதுரைக்காரர்களில் பலருக்குத் தெரியும். ஆனா அந்தக் கதை சொல்லப்படுகிற விதத்தில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. "58 வயசுல எல்லாரும் ஈஸிசேர்ல சாய்வாங்க, அவர் மட்டும் எழுந்து நின்னார்" என்கிற மாதிரியே சொல்றாங்க. ஐம்பதைத் தாண்டின ஒருத்தர் இதைக் கேட்டால் ஒன்று மலைத்துப் போவார், இல்லையென்றால் மறுநாளே வேலையை விட்டுட்டு எதையாவது ஆரம்பிப்பார். ரெண்டுமே வேண்டாம். அவர் வாழ்க்கையைத் தேதிவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

முதலில் அந்த 58 என்கிற எண். வெள்ளைக்காரன் காலத்து அரசு வேலையில் ஓய்வு வயது 55. மத்திய அரசு அதை 1962-ல் 58 ஆக்கியது, 1998-ல் 60 ஆக்கியது. தமிழ்நாட்டு அரசு 2020-ல் 59, 2021-ல் 60 என்று வந்து சேர்ந்தது. உலகத்துக்கே முன்மாதிரியாகச் சொல்லப்படுகிற 1889-ம் ஆண்டு ஜெர்மானியச் சட்டத்தில் பென்ஷன் வயது 70! அந்த வயதைத் தொட்டவர்களே அன்று குறைவு. அதனால் சர்க்காருக்கும் பெரிய செலவு இல்லை. நம் நாட்டில் சுதந்திரத்தின்போது சராசரி ஆயுள் 32 சொச்சம். பிறந்த குழந்தைகள் இறப்பதும் அந்தக் கணக்கில் சேரும்தான். என்றாலும் 58-ல் ஓய்வு பெற்று அப்புறம் முப்பது வருஷம் வேலை பார்ப்பது என்பது அந்த விதிகளை எழுதியவர்கள் யோசித்த விஷயமே அல்ல.

கோவிந்தப்ப வெங்கடசாமி பிறந்தது 1918 அக்டோபர் 1-ல், எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். மதுரை அமெரிக்கன் காலேஜ், பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. சொந்தத்தில் பெண்கள் பிரசவ காலத்தில் இறந்துபோனதைப் பார்த்து வளர்ந்தவர், அதனால் பிரசவ டாக்டராக வேண்டும் என்பதுதான் ஆசை. 1944-ல் டாக்டர் பட்டம், உடனே ராணுவ மருத்துவப் பிரிவு. 1948-ல் கடுமையான முடக்குவாதம் வந்து அங்கிருந்து விடுவிக்கப்பட்டார். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை. விரல்கள் கோணிப்போய், பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்க்கிற கனவு அதோடு முடிந்தது. கண் மருத்துவத்துக்கு மாறி, வளைந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். கடைசியில் தன் கையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை செய்தவர் என்று பெயர் பெற்றார்.

அதாவது, போட்ட திட்டம் கைநழுவிப் போவதும், வேறொரு வேலையை அடியிலிருந்து கற்றுக்கொள்வதும் அவருக்கு முப்பது வயதிலேயே பழகிவிட்டது. 58 வந்தபோது அது இரண்டாவது முறை.

1956-ல் மதுரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குக் கண் பிரிவுத் தலைவராக வந்தார். இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை, ஊர் வழக்கில் பெரியாஸ்பத்திரி. அடுத்த இருபது வருஷம்தான் என் பார்வையில் முக்கியமானது. பத்திரிகைக் கட்டுரைகளில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். 1960-களிலேயே கிராமங்களுக்குப் போய்க் கண் சிகிச்சை முகாம் நடத்த ஆரம்பித்துவிட்டார். ஒரே நாளில் நிறையப் பேருக்கு அறுவை செய்ய வேண்டும் என்றால் யார் கண்ணைச் சுத்தம் செய்வது, யார் மருந்து போடுவது, அடுத்த நோயாளியை எப்போது மேசையில் ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை அவர் அரசுச் சம்பளத்தில் இருந்தபோதே ஓட்டிப் பார்த்துத் திருத்தியிருக்கிறார். 1973-ல் பத்மஸ்ரீ வந்தது. தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்களாகவே தேறி வந்தார்கள். 1976-ல் ஓய்வு பெற்ற அன்று அவரிடம் இல்லாதது கட்டடமும் பணமும் மட்டுமே. தொழில், ஆள், முறை மூன்றும் ஏற்கெனவே கையில் இருந்தன.

பணம் வந்த வழி எல்லாருக்கும் தெரிந்த கதைதான்: வங்கிகள் கை விரித்தன, வீடு அடமானம் போனது, குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. 1976-ல் 11 படுக்கை. 1978-ல் இலவச நோயாளிகளுக்கென்றே 70 படுக்கை. 1981-ல் 250 படுக்கையோடு பெரிய ஆஸ்பத்திரி. கட்டட வேலையையும் கணக்கையும் தம்பி சீனிவாசன் பார்த்துக்கொண்டார். காசு கொடுப்பவர் கொடுப்பதில் கொடுக்க முடியாதவருக்கும் நடக்கும் என்பதுதான் ஏற்பாடு. (மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கரைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாக வெளிநாட்டுக் கட்டுரைகள் விடாமல் எழுதும். அவரும் அதைப் பேசியிருக்கிறார். ஆனா மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ முகாம் நடத்தியவருக்கு வரிசையில் ஆளை உட்கார வைக்க ஹாம்பர்கர் தேவைப்பட்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.)

நகை அடகு விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆகணும். வெங்கடசாமி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரை சேர்க்க வேண்டிய சொந்தப் பிள்ளைகள் கிடையாது. ஆனால் கூடப் பிறந்தவர்களுக்குக் குடும்பம் இருந்தது. அரசு உத்தியோகத்தில் இருந்த தங்கையும் மாப்பிள்ளையும் அதை விட்டுவிட்டு இதற்குள் வந்தார்கள். ஒருத்தருடைய ரிட்டயர்மென்ட் திட்டத்துக்காக ஒரு கூட்டமே நடுவயதில் பிழைப்பை மாற்றிக்கொண்டது. இதை "தியாகம்" என்று ஒரு வார்த்தையில் தாண்டிப் போய்விடுகிறோம். அன்றைய குடும்பத்து உழைப்பு நேரத்தையும் விட்டுக்கொடுத்த சம்பளத்தையும் உட்கார்ந்து கணக்குப் போட்டால், அரவிந்தின் முதல் பெரிய நன்கொடையாளர்கள் அவர்கள்தான்.

அவர் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து சம்பளம் வாங்கவில்லை. அரசுப் பென்ஷன் இருந்தது.

இங்கேதான் இந்தக் கதையின் மறுபக்கம். மேசையில் படுத்தவர்கள் யார்? பெரும்பாலும் பென்ஷனே இல்லாதவர்கள். செல்லூரில் தறியில் உட்கார்ந்தவர், வைகைப் பாசனத்தில் நாற்று நட்டவர், களை எடுத்த பாட்டி. தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோர் உதவித்தொகை 1962-ல் ஆரம்பித்தபோது மாதம் 20 ரூபாய். இவர்களுக்கு ஓய்வு வயதை எந்த அரசாணையும் சொல்வதில்லை, கண் சொல்கிறது. புரை முற்றினால் நூல் இழை தெரியாது, களைக்கும் பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. வேலை போச்சு. அப்புறம் வீட்டுத் திண்ணையில் ஒரு ஓரம், சோறு போடுகிறவர் கையைப் பார்த்துக்கொண்டு. அறுவை முடிந்து இவர்கள் வீடு திரும்பினால், பார்வையோடு கூலியும் திரும்பியது. பேரனுக்குக் கையில் அஞ்சு ரூபாய் கொடுக்கிற மதிப்பும் திரும்பியது.

ஆனால் ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிடவில்லை. பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் ஒரு வாரக் கூலி, எல்லாம் செலவுதானே. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்து, தங்க வைத்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுகிற வழக்கம் நிலைத்தது. அடுத்தது கண்ணாடி. அந்தக் கால அறுவையில் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். அது உடைந்தால் மறுபடியும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே வைக்கிற செயற்கை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்று 100 டாலர் போல. 1992-ல் மதுரையிலேயே ஆரோலாப் தொடங்கி, சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு இன்னும் இறங்கியது. அப்போது அவருக்கு வயது 74.

எல்லாருடைய பிற்காலமும் ஓய்வூதிய உத்தரவில் தொடங்குவதில்லை. அன்றைய மதுரை மாவட்டத்தில் 1926-ல் ஒரு ஏழை தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கியபோது வயது 55. கணவர் ஜெகந்நாதனுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. 1968 கீழவெண்மணிப் படுகொலைக்குப் பிறகு தஞ்சைப் பக்கமே தங்கி, நிலமில்லாத பெண்கள் பெயரில் நிலம் வாங்கிப் பதிவு செய்கிற வேலை. ரிட்டயர் ஆக அவருக்கு உத்தியோகமே இருந்ததில்லை. ஆனால் அங்கேயும் அதேதான்: பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்த முப்பது வருஷம் முன்னால் இருக்கிறது.

வெங்கடசாமி 2006 ஜூலை 7-ல், 87 வயதில் இறந்தார். அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் வந்துவிட்டன. இன்று வருஷத்துக்கு லட்சக்கணக்கான அறுவை நடக்கிறது, பாதிக்கு மேல் இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ.

அவரை மாதிரி சம்பளம் வாங்காமல் முப்பது வருஷம் உழைக்கத் துணிய, பின்னால் ஒரு நிச்சயமான மாத வருமானம் வேணும். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு தமிழக அரசு வேலையில் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனில் சேர்க்காமல் பங்களிப்புத் திட்டத்தில்தான் சேர்த்தார்கள். அந்த ஆண்டில் 25 வயதில் சேர்ந்த ஒரு டாக்டர் 2038-ல் 60-ஐத் தொடுவார்.