செய்தித் தளத்தோடு தொலைபேசியை இணைப்பது எப்படி?

ஒரு மஹல்லாவின் ஜனாஸா அறிவிப்பு இன்று வாட்ஸ்அப் குழுக்களில் சில நிமிடங்களில் பரவிவிடுகிறது. ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்கும், வாசிக்கச் சிரமப்படும் தாய்மார்களுக்கும் அது யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும். அவர்களில் பலரிடம் சாதாரண பட்டன் போன் இருக்கிறது. அந்த போனிலிருந்தே ஓர் இணையதளத்தின் செய்திகளைக் கேட்கலாம். செய்தி சொல்லவும் செய்யலாம்.

முன்னோடிகள்

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் 'சிஜிநெட் ஸ்வரா'. பத்திரிகையாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010-ல் சத்தீஸ்கரில் தொடங்கியது. கோண்டி, இந்தி பேசும் மக்கள் ஓர் எண்ணை அழைத்துத் தங்கள் செய்தியைப் பதிவு செய்வார்கள். வேலை உறுதித் திட்டக் கூலி வராதது, அடிபம்பு பழுதானது போன்ற புகார்களும் அதில் வந்தன. பொறுப்பாளர்கள் அதைக் கேட்டு, சரிபார்த்து வெளியிடுவார்கள். அதே செய்தியைத் தொலைபேசியிலும் இணையத்திலும் கேட்க முடிந்தது.

2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், ட்ரூபல் தளங்களைத் தொலைபேசிச் சேவைகளோடு இணைக்கும் 'வாய்ப் ட்ரூபல்' என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார்கள். வேர்ட்பிரஸ் தளத்திலும் இதே முறையில் இணைக்கலாம்.

எப்படி வேலை செய்கிறது?

1. எக்ஸோடெல், ட்விலியோ போன்ற ஒரு தொலைபேசிச் சேவை நிறுவனத்திடம் ஓர் எண் பெற வேண்டும். இந்திய எண்ணுக்கு அமைப்பின் சான்றுகளைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2. அழைப்பு வந்ததும் தகவல் தர வேண்டிய இணைய முகவரியை நம் தளத்தில் உருவாக்கி, அதைச் சேவை நிறுவனத்தின் கணக்கில் பதிய வேண்டும்.

3. ஒருவர் அழைத்ததும் நிறுவனத்தின் கணினி அந்த முகவரியைத் தொடர்பு கொண்டு, "என்ன செய்யட்டும்?" என்று கேட்கும். "இந்த ஒலிப்பதிவை ஒலிக்கச் செய், 1 அழுத்தினால் இன்றைய அறிவிப்பு, 2 அழுத்தினால் செய்தி பதிவு" என்று தளம் பதில் தரும்.

4. பதிவான குரல், தளத்தில் வெளியிடப்படாத வரைவாகச் சேரும். பொறுப்பாளர் கேட்டு ஒப்புதல் தந்த பிறகே அது வெளியாகும்.

அழைப்பவருக்குச் செலவு வைக்க வேண்டாம் என்றால் மிஸ்டு கால் முறை உண்டு. அவர் மணியடித்துத் துண்டித்ததும் தளம் அவரைத் திருப்பி அழைக்கும். அந்தச் செலவு தளத்தைச் சேரும்.

கவனிக்க வேண்டியவை

• வரும் கோரிக்கை உண்மையில் அந்த நிறுவனத்திடமிருந்துதான் வருகிறதா என்று தளம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் முகவரி தெரிந்த எவரும் போலிப் பதிவுகளைத் திணிக்கலாம்.

• அழைத்தவரின் எண் பக்கத்தில் தெரியக் கூடாது. குறிப்பாகப் பெண்களின் எண்கள் பொறுப்பாளரைத் தாண்டிப் போகக் கூடாது.

• தளம் பதில் தரத் தாமதித்தால் அழைப்பவருக்கு மௌனம்தான் கேட்கும், அவர் வைத்துவிடுவார். ஒலிப்பதிவுகள் சிறியதாக, ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

• பலருக்கு ஒரே நேரத்தில் தானியங்கி அழைப்பு அனுப்ப நினைத்தால், டிராயின் 2018 விதிமுறைகளைச் சேவை நிறுவனத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில்

திருவண்ணாமலையில் பௌர்ணமி, கார்த்திகை தீப நாட்களில் கிரிவலக் கூட்டத்தால் போக்குவரத்து மாற்றிவிடப்படும். அப்படியொரு நாளில் ஜனாஸா நடந்தால், போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ வரும் உறவினர்களுக்கு நேரம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வழியாக வருவது, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதும் தெரிய வேண்டும். நேரம் மாறினால் பழைய வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். தொலைபேசி எண்ணிலோ, தளத்தில் மாற்றிய அடுத்த அழைப்பிலிருந்தே புதிய நேரம் கேட்கும்.

ஆனால் இறப்புச் செய்தி ஒன்று தவறாகப் போனால் ஒரு குடும்பமே துடித்துப்போகும். ஆகவே எண்ணை வாங்குவதற்கு முன் ஜமாஅத் முடிவு செய்ய வேண்டியது, பதிவைக் கேட்டு, வீட்டாரிடம் உறுதி செய்து வெளியிடும் பொறுப்பு யாருடையது என்பதைத்தான். இரண்டு பேராவது முறைவைத்துப் பார்க்க முன்வந்தால், ஓர் எண், ஒரே ஓர் அறிவிப்பு என்று சிறிதாகத் தொடங்கலாம்.