மாடித் தகடும் கம்பக் காற்றாலையும்

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர் ஒன்றில், மின்வெட்டு நேரத்துக்கென வீட்டளவில் ஒரு மின் அமைப்பை வடிவமைப்பதாகக் கொள்வோம். மாடியில் சூரியத் தகடு, தோட்டத்தில் சிறு காற்றாலை, இரண்டுக்கும் பொதுவாகப் பேட்டரியும் இன்வெர்ட்டரும். மாசி, பங்குனி வெயிலில் தகடு அள்ளித் தரும். ஆனி, ஆடியில் மேகம் தகட்டை மறைக்கும்போது தென்மேற்குக் காற்று கணவாய் வழியே சீறி வரும். ஒன்று தளரும் மாதத்தில் மற்றது எழுகிறது. ஆனால் அருகருகே வைத்து எடை போட்டால், இவற்றின் உண்மையான உறவு வேறிடத்தில் தெரிகிறது.

விளைச்சலைப் பாருங்கள். வெயில் பாதியானால் தகட்டின் மின்சாரமும் ஏறத்தாழப் பாதியாகும். காற்றின் வேகம் பாதியானால் அதன் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். நொடிக்கு 12 மீட்டர் காற்றில் ஒரு கிலோவாட் தரும் இயந்திரம், 6 மீட்டர் காற்றில் 125 வாட் அளவில்தான் தரும். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று துணிந்து எழுதலாம். காற்றாலைக்கு அந்த இடத்துக் காற்றை அளக்காமல் எதையும் எழுத முடியாது.

எதிர்பாராத உறவு நிழலில் இருக்கிறது. தகட்டின் ஒரு மூலையில் தென்னங்கீற்றின் நிழல் விழுந்தால் போதும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், மறைந்த பரப்பைவிடப் பல மடங்கு இழப்பு நேர்கிறது. காற்றுக்கும் நிழல் உண்டு. அதே தென்னந்தோப்புக்குப் பின்னால் காற்று வேகமிழந்து சுழல்கிறது. மரங்களின் உயரத்தைப் போல் பத்து, இருபது மடங்கு தூரம்வரை அந்தக் கலக்கம் நீள்கிறது. வெயிலின் நிழல் உச்சிப்பொழுதில் சுருங்கும். காற்றின் நிழலோ, காற்று திசை மாறும்வரை அசையாமல் கிடக்கும். ஆகவே தகட்டுக்கு உகந்த மொட்டை மாடி காற்றாலைக்கு உதவாது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எதையும்விட 9 மீட்டராவது உயரத்தில் இறக்கை சுழல வேண்டும் என்பது நடைமுறை விதி. அந்தக் கம்பத்தின் செலவு பல வேளைகளில் இயந்திரத்தின் விலையையே எட்டிவிடும்.

பேட்டரி நிரம்பியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. கம்பியைக் கழற்றிவிட்டால் தகடு வெயிலில் சும்மா காயும். காற்றாலையின் கம்பியைக் கழற்றினால், சுமையிழந்த இறக்கைகள் கட்டுமீறிச் சுழன்று உடையக்கூடும். அதனால் பேட்டரிக்கு மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் வேறுபடுகிறது. சூரியத் தகட்டின் கன்ட்ரோலர் இணைப்பைத் துண்டிக்கிறது. காற்றாலையின் கன்ட்ரோலர் மிகை மின்சாரத்தை ஒரு வெப்பச் சுருளுக்குத் திருப்புகிறது. தகட்டுக்கு வாங்கிய கன்ட்ரோலரிலேயே காற்றாலையையும் மாட்டுவது ஆபத்தான சிக்கனம்.

இரண்டும் சேர்ந்து கைவிடும் நாளும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியபின், பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளில் தகடு மேகத்தின் கீழ் சோரும். காற்றாலையைப் பிரேக் போட்டு நிறுத்தியாக வேண்டும். இரண்டு 30 வாட் மின்விசிறி பத்து மணி நேரம், நான்கு 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம் என்றால் நாளுக்கு 780 வாட்மணி. இரண்டு நாள் தாங்க, பாதிவரையே காலிசெய்யத்தக்க ஈய அமிலப் பேட்டரியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்மணி அளவுள்ளவை இரண்டு வேண்டும்.

என் தீர்ப்பு இது: கணக்கைத் தகட்டின்மேல் போடுங்கள், காற்றை உபரி வரவாக எழுதுங்கள். கம்பம் நடுமுன் அதே உயரத்தில் ஓராண்டாவது காற்றை அளந்து பாருங்கள்.