ஒரு பிட், ஒரு புள்ளி

1980களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வகத்தில் ராப் பைக்கும் பார்ட் லோகாந்தியும் ‘பிளிட்’ முனையத்தை உருவாக்கினார்கள். மோட்டரோலா 68000 செயலி, 256 கேபி நினைவகம், 800-க்கு 1024 புள்ளிகள் கொண்ட ஒற்றை நிறத் திரை. புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலே திரைக்கு மட்டும் 100 கேபி போய்விடும். நிரல்களை யூனிக்ஸ் கணினியில் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, சீரியல் கம்பி வழியே முனையத்துக்கு இறக்கினார்கள்.

என்னை இன்றும் வியக்க வைப்பது அதன் பிட்பிளிட், அதாவது திரையின் செவ்வகப் பகுதியை வேறிடத்துக்கு நகலெடுக்கும் செயல். ஒரு செவ்வகத்தை மூன்று புள்ளி வலப்பக்கம் தள்ள வேண்டுமா? 16 பிட் வேர்டு ஒவ்வொன்றையும் ஷிஃப்ட் செய்து, ஓரத்தை மாஸ்க் போட்டு மறைத்து, பக்கத்து வேர்டோடு சேர்க்க வேண்டும். எத்தனை பிட், எந்தத் திசை என்று லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் சோதித்தால் திரை தவழும். அதனால், அழைப்பு வந்ததும் அந்த ஒரு வேலைக்கென்றே இயந்திரக் கட்டளைகளை அங்கேயே உருவாக்கி ஓட்டினார்கள். தனி வன்பொருள் சேர்க்காமலே வேகம் கிடைத்தது.

லினக்ஸில் பிரேம்பஃபரை (திரைப் புள்ளிகள் இருக்கும் நினைவகத்தை) எம்மேப் செய்து நான் புள்ளி வைக்கும்போதும் கணக்கு அதே மரபுதான்: வரிசை எண்ணை வரி நீளத்தால் பெருக்கு, நெடுவரிசைக்கான பைட்டுகளைக் கூட்டு. வரைகலை படிக்கும் ஒவ்வொருவரும் நூலகங்களைத் தொடும் முன் புள்ளி வைக்கும் லூப்பைத் தம் கையாலேயே எழுதிப் பார்க்க வேண்டும்.