சிலம்பாட்டச் சொல்வழக்கு

சிலம்பாட்டச் சொல்வழக்கு என்பது தமிழகத்தின் கம்புச் சண்டைக் கலையான சிலம்பத்தைக் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் பயிற்சியிலும் போட்டியிலும் புழங்கும் சொற்களைக் குறிக்கும். இவை பெரும்பாலும் வாத்தியாரின் வாய்ச்சொல்லாகவே அடுத்த தலைமுறைக்கு வந்தவை. அதனால் ஒரே அசைவுக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதும், ஒரே பெயர் வெவ்வேறு அசைவுகளைக் குறிப்பதும் உண்டு.

பெயர்கள்

கூனிமேடு, மரக்காணம் முதலிய விழுப்புரம் மாவட்டக் கடலோர ஊர்களிலும் வடதமிழகத்தின் பிற பகுதிகளிலும் பேச்சில் இந்தக் கலை ‘கம்பு சுத்துறது’தான். கற்றுக்கொடுப்பவர் வாத்தியார், தென்மாவட்டங்களில் ஆசான், சென்னைப் பக்கம் வஸ்தாது என்றும் சொல்வதுண்டு. துடுக்காண்டம், குறவஞ்சி, நாகதாளி, கள்ளன்கம்பு, மறக்காணம் ஆகியவை ஆட்ட வகைகளின் பெயர்கள். கடைசிப் பெயரில் வருவது வல்லின றகரம். உப்பளங்களுக்குப் பேர்போன மரக்காணத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கருவிகள்

ஊன்றி நிறுத்தினால் ஆடுபவரின் நெற்றியை எட்டும் மூங்கில் கம்பே பொதுவான அளவு. ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு என்பவை கையில் எத்தனை கம்பு என்பதைச் சொல்லும். மான்கொம்பும் சுருள்வாளும் கம்பில் தேர்ந்தவர்களுக்கு உரியவை. ஆயுதமில்லாமல் கைகால்களால் பொருதுவது குத்துவரிசை.

ஆட்டம்

களத்தில் இறங்கியதும் வாத்தியாரையும் மண்ணையும் எதிராளியையும் வணங்கிச் செய்யும் அசைவுகள் ‘சலாம் வரிசை’. அடுத்து வருவது காலடி. முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கால் வைக்கும் முறை பிடிபடாதவனுக்கு வாத்தியார் அடியைச் சொல்லித் தர மாட்டார். கம்பைச் சுழற்றுவது வீச்சு. பார்ப்பவர்கள் ரசிக்கச் சுழற்றுவது அலங்கார வீச்சு. தொடர்ச்சியாகக் கோத்த அசைவுகள் வரிசை எனப்படும். வெட்டு, குத்து, தடுப்பு, பிடி, பூட்டு ஆகியவை நேருக்கு நேர் மோதும்போது எழும் சொற்கள்.

இவற்றுள் ‘வீடு கட்டுதல்’ தனித்துச் சொல்லத் தக்கது. எதிராளியிடமிருந்து கண்ணை எடுக்காமல், காலடி மாற்றிக்கொண்டே கம்பை இடைவிடாது சுழற்றி, தன்னைச் சுற்றி அடி புகாத வேலி போட்டுக்கொள்வதே அது. உள்ளே நுழைய வழி தேடும் எதிராளி பொறுமையிழந்து கம்பை நீட்டும் கணத்தில் பதிலடி விழும்.

போட்டிக் களம்

இன்றைய போட்டிகள் பொதுவாக இரு வகை. ஒன்று, தனியாகச் சுழற்றிக் காட்டும் திறமைப் பிரிவு. மற்றொன்று, கம்பால் எதிராளியின் உடலைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறை. அடி பட்ட இடம் தெரிவதற்காகக் கம்பின் நுனியில் பொடி தடவி ஆடும் வழக்கமும் இருந்தது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் இடம்பெறுகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் இது காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

பொதுப் பேச்சில்

‘வீடு கட்டி அடித்தான்’ என்றால் சற்றும் விடாமல் வெளுத்தான் என்று பொருள். சமூக ஊடகங்களில் ஒருவருக்காக வரிந்துகட்டி வாதாடுவதை ‘கம்பு சுத்துறது’ என்கிறார்கள். சிலம்பச் சண்டைக் காட்சிகளில் பேர் வாங்கிய எம்.ஜி.ஆரை ரசிகர்கள் ‘வாத்தியார்’ என்றே அழைத்தார்கள்.

கணினிச் சண்டை விளையாட்டுகளோடு ஒப்பீடு

1991இல் வெளியான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ முதல் வளர்ந்த கணினிச் சண்டை விளையாட்டுகளுக்கும் இதுபோன்ற தனிச்சொற்கள் உண்டு. விடாமல் கோத்த அடிகளை அங்கே ‘காம்போ’ என்பார்கள். இங்கே அது வரிசைக்கு நெருக்கமானது. முன்னும் பின்னும் நகர்ந்து எதிராளியைத் தவறவைக்கும் ‘ஃபுட்சீஸ்’ நம் காலடிக்கு ஒப்பானது. அசைவின் நேரத்தை நொடியில் 60இல் ஒரு பங்கான ‘ஃபிரேம்’ கொண்டு அவர்கள் அளக்கிறார்கள். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பதக்கப் போட்டியாக நடந்தது. இந்தியாவின் சார்பில் அயன் பிஸ்வாஸும் மயங்க் பிரஜாபதியும் ஆடினார்கள். அந்த விளையாட்டுகளின் சொற்களுக்கு ஆடுபவர்களே அகராதி தொகுத்து, புதியவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள்.

சிலம்பத்துக்கும் அந்த உழைப்பு தேவை. போட்டி விதிகள் பொதுப்பெயர்களை நிலைநிறுத்தும்போது வட்டாரச் சொற்கள் ஒதுங்கிவிடும். ஒவ்வொரு பெயரிலும் அந்த அசைவைக் கற்றுக்கொடுத்த முறையும் அடங்கியிருக்கிறது. சிலம்பக் கூடம் நடத்துவோர் தம் வாத்தியார் சொன்ன பெயர்களை ஊர்ப்பெயரோடும் அசைவின் படத்தோடும் இப்போதே எழுதி வைக்க வேண்டும்.