திருப்பி அனுப்பப்படும் குருதி

நெய்வேலி நகரியத்தில் நடந்த குருதிக்கொடை முகாம் ஒன்றில் நம் மாணவியர் சிலர் வரிசையிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டனர். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவு. முன்பொருமுறை நம்மையும் அக்காரணமே திருப்பியது. குற்றவாளியைப்போல் தலைகுனிந்து வெளியேறினோம்.

ஆயின், 'வேண்டாம்' என்னும் அச்சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்தார். வகையறிந்து குருதி ஏற்றும் வழி பிறந்தது. நம் நாட்டில் அது விலைப்பொருளும் ஆயிற்று. வறியவர் வயிற்றுப்பாட்டுக்காக விற்றனர். விற்றுப் பிழைப்பவர் சோகையை மறைத்தாக வேண்டும். நோயையும் மறைத்தாக வேண்டும். 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபின் அம்மறைப்பு இன்னும் கொடிதாயிற்று. 'காமன் காஸ்' அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் தொழில்முறைக் குருதி விற்பனைக்குத் தடை வந்தது.

விலை இல்லாத இடத்தில்தான் 'மஞ்சள் காமாலை வந்தது', 'அண்மையில் பச்சை குத்தினேன்' என்று அஞ்சாமல் சொல்ல இயலும். குறைந்தது 45 கிலோ எடை, பெண்களுக்கு 120 நாள் இடைவெளி என்னும் விதிகள் கொடுப்பவரைக் காக்கவே உள்ளன.

அன்று கண்கலங்கி நின்ற மாணவியிடம் இதைத்தான் சொன்னோம். கொடுக்க இயலாமைக்கு அவள் நாண வேண்டியதில்லை. படிக்கும் வயதுப் பெண்கள் இத்தனை பேர் சோகையோடு வரிசையில் நிற்கிறார்களே, அதற்கு நாம் நாண வேண்டும்.